தொல்காப்பியரும் சின்ன மாமியும்

மாளிகாவத்தையில் வாழ்வோர்க்குக் கிரிக்கெட் ஆட்டத்தின் போக்கை அறியத் தொலைக்காட்சி வேண்டுவதில்லை. 1986 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திலே திறக்கப்பெற்ற கெத்தாராம விளையாட்டரங்கிலிருந்து எழுகின்ற 'பப்பரே' வாத்திய முழக்கமே எம் சாளரங்களின் வழியாக வந்து செய்தி சொல்லிவிடும். எக்காளமும் முரசும் கூடிய அம்முழக்கத்திலே, எந்நாட்டார் வந்து ஆடினும், பெரும்பாலும் தவறாது இடம்பெறும் மெட்டொன்று உண்டு. அது 'சுராங்கனி'. சென்ற மாதம் ஒருநாள் மாலை, தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயிலும் மாணவர் சிலர் என் வீட்டிலிருந்து தொல்காப்பியச் செய்யுளியலைப் பாடங் கேட்டுக்கொண்டிருந்தனர். அவ்வேளையில் அம்மெட்டு காற்றோடு கலந்து வந்தது. ஒருவன் மேசையிலே தாளம் போட்டான். பாடம் அங்கேயே நின்றது.

"ஐயா, ஒரு தலைமுறையை இன்னதென்று காட்டத்தக்க பொப்பிசைப் பாடகர் யார்?" என்று அவன் வினவினான். நான் விடை கூறுமுன்னரே மற்றையோர் முந்திக்கொண்டனர். மைக்கல் ஜக்சன் என்றான் ஒருவன். ரகுமான் என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி கொரிய நாட்டு இளைஞர் எழுவரின் குழுவைக் கூறினாள். அநிருத் என்று இருவர் ஒருங்கே மொழிந்தனர். என்னைக் காண வந்திருந்த ஆங்கில ஆசிரியரான நண்பரோ, பீற்றில்ஸ் குழுவினரைத் தவிர வேறெவரையும் இவ்வினாவுக்கு விடையாகக் கூறுதல் அறியாமை என்றார். ஈற்றில் எல்லோரும் என்னை நோக்கினர். நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் என்றேன். அவர்கள் சிரித்தார்கள். பண்டிதர் பகடி பண்ணுகின்றார் என்று எண்ணினார்கள் போலும். நான் பகடி பண்ணவில்லை. அன்று முற்றக் கூற இயலாது போனதை இங்கே எழுதுகின்றேன்.

ஒரு தலைமுறை கேட்ட பாட்டு வேறு. ஒரு தலைமுறையைக் காட்டும் பாட்டு வேறு. இவ்விரண்டையும் ஒன்றாகக் கொள்வதனாலேயே இவ்வழக்கு எங்கும் முடிவின்றி நீள்கின்றது. 1956 இல் எல்விஸ் பிரெஸ்லியின் குரல் உலகெங்கும் ஒலித்தது. 1964 இல் பீற்றில்ஸ் குழுவினர் அமெரிக்காவிற் கால்வைத்தபோது எழுந்த ஆரவாரம் கொழும்பிலும் எதிரொலித்தது. எம் மூத்தோரிற் பலர் முடியை நீள வளர்த்ததும் காற்சட்டையின் அடிப்பகுதியை அகலித்ததும் அவ்வெதிரொலியின் விளைவே. ஆயின் அவர்கள் அப்பாடல்களைக் கேட்டார்களேயன்றித் தம் வாழ்வை அவற்றினுட் காணவில்லை. லிவர்பூல் நகரத்துத் தெருவொன்றின் பெயரை ஒருவன் மனப்பாடமாக வைத்திருக்கலாம். அவன் கால் நடந்த தெரு அதுவன்று.

திரையிசையோ இதற்கு மறுதலையான இடர்ப்பாடு உடையது. இளையராசா 1976 இல் 'அன்னக்கிளி' மூலமாகவும், ரகுமான் 1992 இல் 'ரோஜா' மூலமாகவும் புகுந்து செய்தவை பெரியன. அவற்றின் பெருமையை நான் மறுப்பவனல்லன். ஆயினும் இளையராசாவின் பாட்டைப் பாட்டனும் கேட்கின்றான், பேரனும் கேட்கின்றான். மதுரையிலும் கேட்கின்றார்கள், மட்டக்களப்பிலும் கேட்கின்றார்கள். எல்லோர்க்கும் பொதுவாகிய ஒன்று எவரையும் தனித்துக் காட்டாது. கடல் எல்லாக் கரையையும் தொடுகின்றது. அதனாலே ஓர் ஊரின் எல்லையைக் கடலைக் கொண்டு மாத்திரம் வகுத்தல் இயலாதன்றோ?

இனி, எம் நாட்டில் நிகழ்ந்ததைப் பார்ப்போம். 1960களின் இறுதியிலே, யாழ்ப்பாணத்து உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம் என்னும் இளைஞர், வேளாண்மை பயின்றுகொண்டிருந்த காலத்திலே, கிற்றாரை மடியில் வைத்துத் தமிழிற் பாடத் தொடங்கினார். 'சின்ன மாமியே' என்பது அவருடைய பாட்டு. ஒருவன் தன் சின்ன மாமியிடம் அவள் மகள் எங்கே போயினாள் என்று வினவுகின்றான்; மாமி மருமகனைச் செல்லமாக அழைத்து விடையிறுக்கின்றாள். பொருள் இவ்வளவே. சந்திரோதயமும் தென்றலும் அதில் இல்லை, தேவதையும் இல்லை.

பண்டிதன் கண்ணுக்கு இதிலே சுவையான செய்தியொன்று தோன்றுகின்றது. அகத்திணை மரபிலே தலைவன் தோழியை இரந்து நிற்பான்; தாயோ செய்தி அறிந்த மாத்திரத்தில் மகளை இல்லினுட் செறிப்பாள். களவொழுக்கம் முழுவதும் தாயின் கண்ணுக்கு மறைந்தே நிகழ்தல் வேண்டும். உரும்பிராய் இளைஞரோ தோழியை ஒருபுறம் ஒதுக்கிவிட்டு நேரே தாயிடஞ் சென்று கேட்கின்றார். அத்தாயும் சினவாது அவனை அன்போடு வரவேற்கின்றாள். இரண்டாயிரம் ஆண்டுத் துறை ஒன்று மூன்று நிமிடத்தில் தலைகீழாயிற்று. மாமன் மகளும் மாமி மகளும் மச்சாள் ஆகும் உறவுமுறை நிலவும் ஊரிலே, முற்றத்திலே நின்று மாமியை விளித்துக் கேட்பது எவ்வளவு இயல்பு என்பதை அவ்வூரவர் அறிவர். அவருடைய இன்னொரு பாட்டு, கள்ளுக் கடைப்பக்கம் போகாதே என்று இரந்து வேண்டுவது. திருவள்ளுவர் கள்ளுண்ணாமைக்குப் பத்துக் குறள் செலவிட்டார். இவர் ஒரு கிற்றாரைச் செலவிட்டார். எது குடிகாரரை மிகுதியாகத் திருத்திற்று என்பதை நான் ஆராயப் புகவில்லை.

இதே காலத்தில், சற்றே முந்தி, இரத்தினபுரியிற் கூடிய 'மூன்ஸ்ரோன்ஸ்' என்னும் சிங்கள இளைஞர் குழு பாடிப் புகழ்பெற்ற பாட்டு 'மேங்கோ களு நெந்தே'. கிளாரன்ஸ் விஜேவர்த்தன இயற்ற, அனஸ்லி மாலேவன உடன்பாடிய பாட்டு அது. மின்கிற்றாரைச் சிங்கள இசையினுட் கொணர்ந்தவர் கிளாரன்ஸ் என்பர். 'நெந்தே' என்பது சிங்களத்தில் அத்தையை அழைக்கும் விளி. பாட்டோ மாம்பழத்தோடு தொடர்புடைய ஓர் அத்தையைப் பற்றியது. ஒரே நாட்டிலே, சில ஆண்டு இடைவெளியில், இரு மொழி இளைஞரும் கிற்றாரை எடுத்தவுடன் பாடியது காதலியையன்று, அத்தையையும் மாமியையும் என்பதை நினைக்குந்தோறும் எனக்கு வியப்பு மீதூர்கின்றது. இதனை ஒருவரையொருவர் பார்த்து எழுதியதாக நான் கருதவில்லை. இரு சாராரும் தத்தம் வீட்டு முற்றத்தைப் பார்த்தனர். முற்றங்கள் ஒத்திருந்தன.

மனோகரன் அம்முற்றங்களுக்கு இடையே இருந்த வேலியைத் தாண்டியவர். போர்த்துக்கேயரும் அவர்களோடு வந்த ஆபிரிக்கரும் விட்டுச்சென்ற தாளத்திலே கிளைத்த பைலா என்னும் பாட்டுவகை சிங்களவர்க்கே உரியதாகக் கருதப்பட்டு வந்தது. பொலிஸ் உத்தியோகத்தராயிருந்த வொலி பஸ்ரியன் அதனை மேடையேற்றினார், எம். எஸ். பெர்னாண்டோ அதனைத் தெருவெங்கும் பரப்பினார். தமிழராகிய மனோகரன் சிங்களச் சொற்களாலாய 'சுராங்கனி'யைப் பாடினார். தமிழிலும் அதனைப் பாடினார். சுராங்கனிக்கு மீன் கொண்டுவந்த செய்திதான் அப்பாட்டின் பொருளெல்லாம். அம்மீன் கடல் கடந்தது. 1977 இல் 'அவர் எனக்கே சொந்தம்' என்னுந் தமிழகத் திரைப்படத்தில் இளையராசாவின் இசையிலே அப்பாட்டு ஏறியது. பின்னர் இந்தி, கொங்கணி முதலிய மொழிகளுக்குஞ் சென்றது. எம் நாட்டிலிருந்து தமிழகத் திரைக்குப் போன பாட்டுகள் எத்தனை என்று எண்ணிப்பார்த்தால் இதன் அருமை விளங்கும். இதே மனோகரன் இலங்கையைத் தாய்நாடென்று போற்றும் தமிழ்ப் பாட்டொன்றையும் உரத்த குரலிற் பாடினார். 1978 இல் வெளிவந்த 'வாடைக்காற்று' என்னும் ஈழத்துத் திரைப்படத்திலும் நடித்தார். 2018 சனவரியிலே சென்னையிற் காலமானார்.

இவையெல்லாம் பரவுதற்கு வானொலி துணையாயிற்று. 1967 இல் கூட்டுத்தாபனமாகிய எம் வானொலியின் தமிழ் ஒலிபரப்பைத் தென்னிந்தியாவே காதுகொடுத்துக் கேட்ட காலம் அது. எம் பகுதிக்கு அயலாகிய தெமட்டகொடையைச் சேர்ந்த பி. எச். அப்துல் ஹமீத் அவர்களின் குரல் அக்காலத்தே எழுந்ததுதான். 1970 முதல் 1977 வரை இறக்குமதிகள் கட்டுப்படுத்தப்பட்டிருந்த ஆண்டுகளிலே, உள்நாட்டில் விளைந்தது எதுவாயினும் அதற்கு ஒரு மதிப்பு உண்டாயிற்று. மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நேர்ந்த நற்பேறு பாட்டுக்கும் ஓரளவு நேர்ந்தது எனலாம்.

இனித் தொல்காப்பியருக்கு வருகின்றேன். எனக்குச் செய்யுளியல் கற்பித்த பேராசான், பொப்பிசை என்ற சொல்லைக் கேட்டாலே காதைப் பொத்திக்கொள்வார். அது இழிசனர் வழக்கு என்பது அவர் தீர்ப்பு. 1960களின் தொடக்கத்தில் ஈழத்து இலக்கிய உலகிலே மரபுப் போராட்டம் நிகழ்ந்தபோது, பேச்சுமொழியிற் கதை எழுதியவர்களை நோக்கி எம் பண்டிதருலகம் வீசிய சொல் அது. அவர் அதனைப் பாட்டுக்கும் நீட்டினார். அவர் மீது எனக்குள்ள பத்தி இன்றுங் குறையவில்லை. ஆயினும் அவரே எனக்குக் கற்பித்த இயலில் எண்வகை வனப்புகள் கூறப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்று 'புலன்'. சேரிமொழியாலே, அஃதாவது ஊரவர் தம்முட் பேசும் மொழியாலே, செவ்விதாகச் சொல்லப்பட்டு, கேட்பவன் ஆராய்ந்து துருவ வேண்டாதபடி பொருள் தானே தோன்றுமாயின் அது புலன் என்பது தொல்காப்பியர் கருத்து. உரையாசிரியராகிய பேராசிரியரும் இதற்குக் கூத்தின்பாற்பட்ட செய்யுளையே காட்டிச் செல்கின்றார். மற்றொரு வனப்பு 'விருந்து'. புதிதாகப் புனையப்படும் யாப்பின்மேலது அது. புலனும் விருந்தும் ஒருங்கு கூடியதே 'சின்ன மாமியே' என்று நான் கூறின், அதனை மறுக்க வல்ல சூத்திரம் யாது?

இத்தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885 இல் அச்சேற்றித் தமிழுலகுக்குத் தந்தவர் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை. சிறுப்பிட்டிக்கும் உரும்பிராய்க்கும் இடைவெளி சில கல் தொலைவே. புலனுக்கு இலக்கணம் பதிப்பித்த ஊருக்கு அயலிலேயே புலனுக்கு இலக்கியமும் பிறந்தது. எம் பண்டிதர்கள் இரண்டையுஞ் சேர்த்துப் பார்க்கவில்லை. நானும் நெடுங்காலம் பார்க்கவில்லை.

சேர்த்துப் பார்த்தவர், செய்யுளியலின் பெயரே அறியாத என் தமையனார். அவர் எனக்குப் பத்தாண்டு மூத்தவர். மாளிகாவத்தைத் தொடர்மாடியின் படிக்கட்டிலே, 1970களின் பிற்பகுதியில், மாலை ஏழு மணிக்குமேல் அவருடைய கூட்டாளிகள் கூடுவர். முஸ்லிம் இளைஞர் இருவர், மலாய் இளைஞர் ஒருவர், சிங்கள இளைஞர் இருவர், என் தமையனார். கிற்றார் ஒன்றே, அதற்கும் ஒரு நரம்பு குறைவு. தாளத்துக்கு வெற்றுப் பலகைப்பெட்டி. 'சின்ன மாமியே' பாடும்போது சிங்கள இளைஞரும் தமிழிற் பாடுவர். 'சுராங்கனி'க்கு என் தாயாரும் அடுக்களையிலிருந்து மெல்லச் சிரிப்பார். பள்ளிச் சிறுவனாகிய நான் படிக்கட்டின் மேற்படியிலிருந்து கேட்பேன். ஒருவர் மொழியை மற்றவர் பிழையாக உச்சரிப்பர். எவரும் அதனைப் பிழையாகக் கொள்ளார். இப்படிக்கட்டைப் போன்றவை கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் கொம்பனித்தெருவிலும் இருந்தன. இவர்களையே நான் தலைமுறை என்கின்றேன்.

இத்தலைமுறையின் பாட்டிலே குறையில்லையா? உண்டு, பெருங்குறை உண்டு. 1971 இல் வந்த பல்கலைக்கழகத் தரப்படுத்தலினால் என் தமையனாருடைய வகுப்பினர் பலர் மனமுடைந்தனர். அவர்கள் பாடிய பாட்டிலே அதுபற்றி ஒரு சொல்லும் இல்லை. 1964 ஒக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கையின்படி 525,000 மலையகத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்புவதென முடிவாயிற்று. அவர்களைச் சுமந்த புகைவண்டிகள் தலைமன்னாரை நோக்கிச் சென்றது இப்பாட்டுகள் ஒலித்த அதே ஆண்டுகளிலேதான். அதைப்பற்றியும் ஒரு சொல் இல்லை. இக்குறையை நான் மூடி மறைக்கப் போவதில்லை. ஆயின் ஒரு தலைமுறை எதனைப் பேசாது விட்டது என்பதும் அதனை அடையாளங் காட்டுவதே. அவர்கள் படிக்கட்டில் ஒன்றாய் இருந்தமைக்கு, சிலவற்றைப் பேசாதிருந்ததும் ஒரு காரணமோ என்ற ஐயம் எனக்கு இன்றும் உண்டு.

1983 ஆடியிலே அப்படிக்கட்டு வெறுமையாயிற்று. எங்களை அயல்வீட்டு முஸ்லிம் குடும்பத்தார் ஒன்பது நாள் தம் வீட்டினுள் வைத்துக் காத்தனர். கிற்றார் என்னாயிற்று என்று எவருங் கேட்கவில்லை. அடுத்த ஆண்டு தமையனார் கனடாவுக்குப் போயினார். அதன்பின் வந்த தலைமுறை போர்க்கால எழுச்சிப் பாடல்களைக் கேட்டு வளர்ந்தது. அவற்றை எடைபோட வேறொரு கட்டுரை வேண்டும். நித்தி கனகரத்தினமும் அவுஸ்திரேலியாவிற் குடியேறினார்.

புலன் எனும் வனப்பு அத்துடன் மறைந்ததோ எனின், இல்லை. சேரி மாறிற்று, ஆகவே சேரிமொழியும் மாறிற்று. 1975 இல் இலண்டனிற் பிறந்து, யாழ்ப்பாணத்திற் சிறுபிராயங் கழித்து, மீண்டும் அகதியாக இலண்டன் சென்ற மாதங்கி அருட்பிரகாசம், எம். ஐ. ஏ. என்னும் பெயருடன் 2005 இலும் 2007 இலும் வெளியிட்ட இசைத்தொகுப்புகளுக்குத் தந்தை பெயரால் 'அருளர்' என்றும் தாய் பெயரால் 'கலா' என்றும் பெயரிட்டார். ஔவையார் இருந்திருப்பின் மகிழ்ந்திருப்பார். அவர் பாடிய ஆங்கிலம் பள்ளிக்கூட ஆங்கிலமன்று. குடியேறிகளின் தெரு ஆங்கிலம். அத்தெருவில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அவரே விடை.

எனக்கு அக்காலத்தில் இஃது விளங்கவில்லை. மலேசியாவின் யோகி பி, நட்சத்ரா குழுவினரின் 'வல்லவன்' தொகுப்பு 2006 இல் வந்தபோது, அதனைக் காதிற் செருகிக் கேட்டுக்கொண்டிருந்த மாணவன் ஒருவனை வகுப்பறைக்கு வெளியே ஒரு பாடவேளை முழுவதும் நிறுத்திவைத்தேன். என் ஆசான் எனக்குச் சொன்ன அதே சொல்லையும் அவனிடஞ் சொன்னேன். பிற்காலத்தில் அவனைச் சந்தித்தபோது அவன் அதனை மறந்திருந்தான், நான் மறக்கவில்லை.

2021 மார்ச்சிலே 'எஞ்சாயி எஞ்சாமி' வெளிவந்தது. சந்தோஷ் நாராயணனின் தயாரிப்பிலே, இலங்கைத் தமிழ்க் குடும்பத்துப் பெண்ணாகிய தீயும், தமிழகத்து அறிவும் பாடியது. அறிவின் பாட்டி வள்ளியம்மாள் எம் நாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்துப் பின்னர் தமிழகம் மீண்ட குடும்பத்தவர். ஒப்பாரியின் சாயலை ஏற்று, நிலமற்ற உழவர் மொழியிலேயே அப்பாட்டு நிலத்தை நினைக்கின்றது. என் தமையனாரின் படிக்கட்டுப் பாட்டுகள் பேசாது விட்ட புகைவண்டியிலே ஏறிப்போனவர்களின் பேரன், அரை நூற்றாண்டுக்குப் பின் அதே கிற்றார்த் தலைமுறையின் பிள்ளைகளுக்கு அதைப் பாடிக் காட்டினான். அதே ஆண்டில் 'மெனிகே மகே ஹித்தே' என்னுஞ் சிங்களப் பாட்டு யொஹானியின் குரலிலே இந்தியாவெங்கும் ஒலித்ததையும் இவ்விடத்தில் நினைக்கலாம். ஆயின் அதனை இந்தியர் பொருள் அறியாது மெட்டுக்காகவே விரும்பினர் என்பது என் எண்ணம். தமிழ் கேட்பவர் 'எஞ்சாமி'யைப் பொருளறிந்து விரும்பினர். இன்றைய தலைமுறைக்கு யார் என்று என் மாணவர் மீண்டும் வினவின், அநிருத்தைக் கூறமாட்டேன், அறிவைக் கூறுவேன். இதற்கும் அவர்கள் சிரிக்கலாம்.

இக்கட்டுரையை முடிக்குமுன், வழக்கின் முதற் சாட்சியைக் கேளாது தீர்ப்பெழுதுதல் முறையன்று என்று தோன்றவே, ரொறன்ரோவில் இருக்கும் தமையனாருக்குத் தொலைபேசி எடுத்தேன். "அண்ணா, உங்கள் ஆட்களைக் காட்ட ஒரு பாட்டுக்காரன் பெயரைச் சொல்லச் சொன்னால் ஆரைச் சொல்லுவீங்கள்?" என்று கேட்டேன். நித்தியோ மனோகரனோ என்று காத்திருந்தேன். அவர் சற்றும் தயங்கவில்லை.

"கிளாரன்ஸ்" என்றார்.

ஏன் என்று நான் கேட்கவில்லை. அவரும் விளக்கவில்லை. மாம்பழத்து நெந்தேயைப் பற்றிய அந்தப் பாட்டை, நாற்பதாண்டுக்கு மேலாகச் சிங்களம் பேசாத நாவினால், தொடக்கம் முதல் ஈறு வரை பாடினார். எனக்குத் தெரிந்த அளவில் ஒரு சொல்லும் பிழைக்கவில்லை.